பன்னெண்டு வோல்ட்டு

நீங்களே சொல்லுங்க தம்பி. கடைக்கு ஒரு சாமான் வாங்கப் போறான் ஒரு ஆம்பள. அதத் தொட்டுப் பாக்க, புரட்டிப் பாக்க, இது வேணாம் அத எடுன்னு சொல்ல, அவனுக்கு உரிமை இருக்கா இல்லையா? இருக்குல்ல? அப்புறம் எதுக்கு அந்த காஜா பாய் எங்கிட்ட அப்படி நடந்துக்கிட்டான்?

இல்ல இல்ல, ஜன்னல் தொறந்தே இருக்கட்டும். குளிரெல்லாம் என்னை ஒண்ணும் பண்ணாது, நான் மேல்மலைக்காரன். கொடைக்கானலுக்கும் மேல, மன்னவனூர்ப் பக்கம். நீங்க கொடைக்கானலோட எறங்கிருவீங்க. நான் அங்க எறங்கி இன்னொரு பஸ்ஸப் புடிச்சு உள்ள போகணும். காலைல கெளம்புனது. வத்தலக்குண்டுக்கு இதுக்குன்னே வந்தேன், இதுக்குன்னே. ட்ராக்டருக்கு மூணு பிளக்கு வாங்க. வாங்கிட்டேன், இந்தா மடியில இருக்கு. ஆனா வாங்குன கதையக் கேட்டா உங்களுக்கே ரத்தம் கொதிக்கும்.

சாதாரண பிளக்கு இல்ல. ஹீட்டர் பிளக்கு. உங்களுக்குத் தெரியாது, கீழ இருக்கிறவங்களுக்கு அது தேவையே இல்ல. எங்க வண்டி பழைய வண்டி, ஜப்பான்காரன் செஞ்சது. எந்தக் காலத்துலயோ ஒரு எஸ்டேட்டுக்காரர் எறக்குமதி பண்ணி, ஓட்டி, சலிச்சுப்போயி, கடைசில எங்க கைக்கு வந்துச்சு. குட்டி வண்டி. பெரிய ட்ராக்டரெல்லாம் எங்க மலையில திரும்பவே முடியாது, எல்லாம் படிப்படியா வெட்டுன காடு. இது ஆட்டுக்குட்டி மாதிரி எங்க வேணா நுழைஞ்சு வரும்.

ஆனா தை மாசத்துக் காலைல அத எழுப்புறதுதான் பாடு. புல்லு மேல உப்பக் கொட்டுன மாதிரி உறைபனி கெடக்கும். வாளித் தண்ணி மேல கண்ணாடியாட்டம் ஏடு கட்டியிருக்கும். அந்தக் குளிர்ல டீசல் வண்டி சும்மா எந்திரிக்குமா? எந்திரிக்காது. சிலிண்டருக்கு ஒரு ஹீட்டர் பிளக்கு, ஆக மூணு. சாவிய ஒரு பக்கம் திருப்பிப் புடிச்சுக்கிட்டு இருந்தா அந்த மூணும் உள்ளாற செவக்கச் செவக்கக் காயும். டேஷ்போர்டுல சல்லடை போட்ட ஒரு சின்னக் கண்ணு இருக்கு. பிளக்கு காயுறப்ப அதுவும் செவக்கும். நல்லாச் செவந்துருச்சா, சாவிய மறுபக்கம் திருப்பணும். டபடபன்னு எந்திரிச்சிரும். அவ்வளவுதான் விஷயம். இதுல பெரிய வித்தை ஒண்ணும் கெடையாது.

ஓட்டுறது யாருன்னா கேக்குறீங்க? வண்டி என்னுது தம்பி. ஓட்டுறது வந்து... எனக்கு இடுப்புல வலி. குலுங்குனா ஆகாது. அதனால என் சம்சாரம் உக்காருவா. வெள்ளத்தாய்னு பேரு. பதினோரு வருஷமா அவதான் உக்காருறா. ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு அவதான் உழுது கொடுக்குறா. அக்கா எப்ப வரும், அக்கா எப்ப வரும்னு வாசல்ல வந்து நிப்பானுங்க. ஒரு பயலும் அண்ணன் எப்ப வருவாருன்னு கேட்டதில்ல. நான் அதையெல்லாம் மனசுல வச்சுக்கிறதில்ல. வண்டிக்கு ஒரு சாமான் வேணும்னா வாங்கியாறது யாரு? நான். ஆயில் மாத்துறது யாரு? சரி, அதுவும் அவதான், ஆனா எந்த ஆயில்னு சொல்றது நான். வீட்டுல ஒருத்தர் யோசிக்கணும், ஒருத்தர் செய்யணும். அப்படித்தான ஓடிக்கிட்டிருந்துச்சு?

மார்கழி கடைசில அந்தப் பிளக்கு ரெண்டு செத்துப்போச்சு. அவளே கழட்டி, பேட்டரில வயர வச்சுத் தொட்டுத் தொட்டுப் பாத்து, இது ரெண்டும் காயலங்க, மூணையும் சேத்து மாத்திருவோம்னா. சரின்னேன். பழச ஒரு துணில சுத்தி என் கையில கொடுத்தா. கொடுத்துட்டு, ஏங்க, இதுல பத்தரைன்னு போட்டிருக்கு, பத்தரையே கேட்டு வாங்குங்க, மறந்துறாதீங்கன்னா. மறந்துறாதீங்களாம்! அம்பத்தஞ்சு வயசாகுது எனக்கு.

அங்கதான் தம்பி நான் யோசிச்சேன். பஸ்ஸுல வரும்போதே அத விரிச்சு வச்சுப் பாத்தேன். பத்தரை வோல்ட்டுன்னு போட்டிருக்கு, சரி. எங்க வண்டி பேட்டரி எத்தனை வோல்ட்டு? பன்னெண்டு. பன்னெண்டு வோல்ட்டுப் பேட்டரிக்கு எவனாவது பத்தரை வோல்ட்டு பிளக்கு போடுவானா? எனக்கு முன்னாடி வச்சிருந்தவன் ஏமாந்திருக்கான்னு அப்பவே தெரிஞ்சுபோச்சு. யாரோ மட்டமான சரக்க அவன் தலையில கட்டிட்டானுங்க. பத்தரை பெருசா, பன்னெண்டு பெருசா? சொல்லுங்க. ஒண்ணாப்பு படிக்கிற புள்ளையக் கேட்டாலும் சொல்லும்.

அதே காஜா பாய் கடைக்குத்தான் போனேன். பாய், இதுக்குப் புதுசு மூணு எடு, ஆனா பன்னெண்டு வோல்ட்டுல எடுன்னேன். அவன் பழச வாங்கி, வெளிச்சத்துல காட்டிப் பாத்துட்டு, அண்ணே, இது பத்தரை, பத்தரைதான் போடணும்கிறான். ஏன்யா, பேட்டரி பன்னெண்டுங்கிறேன். அதுக்கு அவன் ஒரு கதை சொன்னான் பாருங்க. டேஷ்போர்டுல ஒரு கண்ணு இருக்குல்லண்ணே, பேட்டரிலேர்ந்து வர்ற கரண்டுல அது கொஞ்சத்தத் தின்னுரும், மிச்சம்தான் பிளக்குக்கு வரும், அந்த மிச்சத்துக்கு ஏத்த மாதிரிதான் பத்தரைன்னு செஞ்சிருக்கான், பன்னெண்டப் போட்டா அரைகுறையாத்தான் காயும்கிறான். கரண்டு என்ன இட்லியா தம்பி? ஒருத்தன் தின்னு மிச்சம் வைக்க?

பத்தரைல கையில சரக்கு நெறைய வச்சிருப்பான், தள்ளப் பாக்குறான்னு நெனச்சேன். எனக்கு இந்த ஏவாரிகளப் பத்தித் தெரியாதா? அதெல்லாம் வேணாம், பன்னெண்டு எடுன்னேன். அண்ணே சொல்றதக் கேளுங்கன்னான். எடுய்யான்னு ஒரு சத்தம் போட்டேன். எடுத்துக் கொடுத்தான். கொடுத்துட்டு என்ன சொன்னான் தெரியுமா? அக்காவக் கேட்டுக்கிட்டு வாங்குறீங்களான்னான். கடையில நாலு பேரு நிக்கிறான். அவனுங்க முன்னாடி கேக்குறான். அன்னைக்கே அவனுக்கு ரெண்டு விட்டிருக்கணும். வயசான மனுஷன்னு விட்டுட்டேன்.

வீட்டுக்கு வந்து டப்பாவ நீட்டுனேன். பிரிச்சுப் பாத்தா. பத்தரைல்ல சொன்னேன்னா. நான் நின்னு நிதானமா விளக்குனேன், பேட்டரி பன்னெண்டு, பிளக்கு பன்னெண்டு, சோடிக்குச் சோடி. அவ என்னை ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வை இருக்கு பாருங்க, வாய்விட்டு நாலு வார்த்தை திட்டிட்டாக் கூடத் தேவலாம். அப்புறம் ஸ்பேனர எடுத்துக்கிட்டுப் போயி மாட்டுனா.

மறுநாள் காலைல நல்ல பனி. சாவியப் புடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா, உக்காந்திருக்கா, அந்தக் கண்ணு செவக்கவே மாட்டேங்குது. தூங்கி எந்திரிச்சவன் கண்ணு மாதிரி லேசா ஒரு நெறம். அவ்வளவுதான். திருப்புனா உர்ரு உர்ருன்னு மொனகுது, வெள்ளப் புகையாக் கக்குது, எந்திரிக்க மாட்டேங்குது. வெயில் ஏறி பத்து மணிக்கு மேலதான் எந்திரிச்சுச்சு. ரெண்டாம் நாளும் அப்படி. மூணாம் நாளும் அப்படி.

நான் என்ன பண்ணுவேன்? டீசல்ல தண்ணி கலந்திருக்கான்னேன். டீசல மாத்துனோம். பேட்டரி எறங்கிப்போச்சான்னேன். அதக் கழட்டிச் சார்ஜுக்குப் போட்டோம். வயர்ல துருவான்னேன், அவ உப்புத்தாள வச்சு ஒவ்வொண்ணாத் தேச்சா. இப்படி ஒவ்வொண்ணா யோசிச்சுச் சொன்னது நானு. ஆனா அவ ஒரே பாட்டுதான். பிளக்க மாத்திட்டு வாங்க, பிளக்க மாத்திட்டு வாங்க. எப்படி மாத்துறது? நானே தேடித் தேர்ந்தெடுத்து, சத்தம் போட்டு வாங்கியாந்தத, திரும்பக் கொண்டுபோயி அந்த பாய்கிட்ட நீட்டணுமா? அவன் பல்ல இளிச்சுக்கிட்டு நிப்பான், நான் நிக்கணுமா? முடியாதுன்னுட்டேன். வேணும்னா நீ போயிட்டு வான்னு சொன்னேன். சொன்னேன் தம்பி, சொல்லாம இல்ல. அவளுக்குத்தான் எங்க நேரம்? நடவுக்கு நாள் நெருங்குது, ஊரே வாசல்ல நிக்குது.

எறக்கத்துல உருட்டி விட்டு எழுப்பலாமேன்னு கேப்பீங்க. எல்லாரும் அதத்தான் கேக்குறான். எங்க வீடு பள்ளத்துல இருக்கு. வண்டி நிக்கிற எடத்துலேர்ந்து நாலு பக்கமும் மேடுதான். மேட்டுல எங்கடா உருட்டுறது?

பத்து நாளாச்சு, ராசாங்கத்தோட காட்டுக்கு உழவுன்னு சொல்லியிருந்தோம். பக்கத்துக் காட்டுக்காரன், தங்கமான பய. ஆள் விட்டு நடுறதுக்கு ஏற்பாடெல்லாம் பண்ணிட்டான். காலைல ஏழு மணிக்கு உழவு ஓட்டுனாத்தான் மத்தியானம் நடமுடியும். எட்டுப் பேரு வந்து நிக்கிறாங்க எங்க வாசல்ல, போத்திக்கிட்டு, கையத் தேச்சுக்கிட்டு. வண்டி உர்ரு உர்ருங்குது. அக்கா என்னக்கா இப்படின்னு ஒருத்தி கேக்குறா. ராசாங்கம் என்னைப் பாக்குறான். எனக்கு எப்படி இருக்கும்?

அப்பத்தான் நான் சொன்னேன், பந்தம் புடிப்போம்னு. நான் ஒண்ணும் புதுசாக் கண்டுபுடிக்கல. எங்க பக்கம் லாரிக்காரன்லேர்ந்து எல்லாரும் செய்யுறதுதான். குச்சி நுனில துணியச் சுத்தி, மண்ணெண்ணெய்ல நனச்சு, கொளுத்தி, வண்டி காத்து இழுக்குற கொழா இருக்குல்ல, அது வாயில காட்டுனா, சூடான காத்த உள்ள இழுத்து எந்திரிச்சிரும். அவ வேணாம்னா. பத்து மணி வரைக்கும் பொறுப்போம், வெயிலுக்கு எந்திரிச்சிரும்னா. எட்டுப் பேர நிக்கவச்சுட்டுப் பத்து மணி வரைக்கும் பொறுக்கிறதா? எங்கய்யா இருக்கு நியாயம்?

சரி, புடிக்கிறதுன்னு ஆயிருச்சு. அப்ப அவ சொன்னா, நீங்க பந்தத்தப் புடிங்க, நான் சாவியத் திருப்புறேன், அது எப்ப மூச்சு வாங்கும் எப்ப தும்மும்னு எனக்குத் தெரியும்னா. அது எப்படி தம்பி? எட்டுப் பேரு பாக்குறாங்க. ஒரு ஆம்பள கீழ நின்னு குச்சியப் புடிச்சுக்கிட்டிருக்கிறது, பொம்பள மேல உக்காந்து சாவியத் திருப்புறது. நல்லாவா இருக்கும்? எறங்குடின்னேன். எறங்குனா. நான் ஏறி உக்காந்தேன்.

பந்தத்த நான் புடிக்கல. இத ஏன் சொல்றேன்னா, ஊர்ல கண்ணு காது மூக்கு வச்சுப் பேசுறானுங்க, சடையப்பன் பொண்டாட்டி மேல தீய வச்சுட்டான்னு. நான் எங்கய்யா வச்சேன்? பந்தத்தப் புடிச்சது அவ. நான் சாவியத்தான் திருப்புனேன். யாராவது ஒருத்தர் சாவியத் திருப்பித்தான ஆகணும்?

திருப்புனேன். உர்ருன்னுச்சு. தீய உள்ள இழுத்துச்சு. போதும் நிறுத்துங்க, போதும்னு அவ சொன்னான்னு ராசாங்கம் சொல்றான். எனக்குக் கேக்கல. எனக்கு வண்டி சத்தம்தான் கேட்டுச்சு, ஒரு சிலிண்டர் புடிக்குது, புடிச்சுருச்சு, விடாதன்னு இன்னும் அழுத்துனேன். பொக்குன்னு ஒரு சத்தம். இழுத்த தீய அப்படியே திருப்பித் துப்பிருச்சு தம்பி. துணில மண்ணெண்ணெய் கூடிப்போயி சொட்டிக்கிட்டே இருந்திருக்கு, அது முழங்கை வரைக்கும் வழிஞ்சிருக்கு. வலது கை. வெரல்லேர்ந்து முழங்கை வரைக்கும். சேலைத் தலைப்பும் புடிச்சுக்கிச்சு.

ஆனா வண்டி ஸ்டார்ட் ஆயிருச்சு. இத ஒருத்தனும் சொல்ல மாட்டேங்கிறான். வண்டி எந்திரிச்சிருச்சு தம்பி, டபடபடபன்னு. நான் அதத்தான் கவனிச்சுக்கிட்டிருந்தேன். அந்த நேரத்துல ஆக்ஸிலேட்டர் கொடுக்கலேன்னா திரும்பவும் செத்துரும், அப்புறம் அன்னைக்குப் பொழுதுக்கும் எந்திரிக்காது. அதனால கொடுத்துக்கிட்டே இருந்தேன். பாத்தியா, எந்திரிச்சிருச்சு பாத்தியான்னு சத்தம் வேற போட்டேன். ராசாங்கம்தான் சாக்க எடுத்து அவ மேல போத்தி அமுக்குனது.

அதுல ஒண்ணு இருக்கு. யார்கிட்டயும் சொல்லல, உங்ககிட்டச் சொல்றேன். அவ கத்துனா. என்னன்னு கத்துனா தெரியுமா? சடையப்பான்னு கத்துனா. பேரச் சொல்லி! முப்பத்திரெண்டு வருஷம் ஆச்சு எங்களுக்குக் கல்யாணம் ஆயி. ரேஷன் கடையில புருஷன் பேரு என்னன்னு கேட்டாக் கூட என்னைக் கையக் காட்டுவாளே ஒழிய வாயத் தொறக்க மாட்டா. அப்படிப்பட்டவ, எட்டுப் பேரு முன்னாடி, என் பேரச் சொல்லிக் கூப்புடுறா. எனக்கு மொதல்ல யாரு கூப்புடுறான்னே தெரியல. யாருடா அது நம்மளப் பேர் சொல்லிக் கூப்புடுறதுன்னு கோவத்தோடதான் திரும்புனேன். திரும்பிப் பாத்தா அவ.

கொடைக்கானல் ஆஸ்பத்திரில நாலு நாள் வச்சிருந்தாங்க. நல்லாத்தான் பாத்தாங்க. நானும் கூடவேதான் இருந்தேன், எங்கயும் போகல. சோறு ஊட்டி விடப் போனேன். வேணாங்க, எடது கையால தின்னுக்கிறேன்னுட்டா. தலை பின்ன வந்த நர்சம்மாகிட்ட மட்டும் நல்லாப் பேசுறா, சிரிக்கிறா. எங்கிட்ட, மாத்திரை கொடுங்க, தண்ணி கொடுங்க, அவ்வளவுதான். திட்டலாம்ல? உன்னாலதான்டா பாவின்னு ஒரு வார்த்தை கேட்டுட்டா, நானும் திருப்பி நாலு கேட்டு, ஒரு சண்டையோட முடிஞ்சுபோகும். கேக்க மாட்டேங்கிறா. பத்து நாளாக் கேக்க மாட்டேங்கிறா. இப்படி ஒரு அழுத்தக்காரிய வச்சுக்கிட்டு மனுஷன் எப்படிக் காலம் தள்ளுறது?

எனக்குக் கோவம் அந்த பாய் மேலதான். அவன் அன்னைக்கு என்ன பண்ணியிருக்கணும்? தெரிஞ்ச ஏவாரின்னா, இது ஆகாதுண்ணேன்னு அடிச்சுச் சொல்லி, பன்னெண்ட எடுத்தே கொடுத்திருக்கக் கூடாது. கேட்டேன்னு தூக்கிக் கொடுத்துட்டான்ல? அப்ப யாரு மேல தப்பு?

இப்ப எங்க காட்டுக்கே உழவு ஓட்டணும். விதைக்கிழங்கு மொளை விட்டுச் சாக்குல கெடக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டா மொளை நீண்டு ஒடிஞ்சு, கிழங்கு வீணாப்போகும். இந்த வருஷத்துக்கு எங்களுக்கு அதான் தம்பி, வேற ஒண்ணும் கெடையாது. நாளைக்குக் காலைல ஓட்டியே ஆகணும். வெயில் ஏறட்டும்னு விடவும் முடியாது, நாலு நாளா மூடுபனி. வேற வண்டிக்குச் சொல்லிப் பாத்தேன், யாருக்கும் ஒழிவு இல்ல. கட்டோட, எடது கையால ஓட்டுறேங்கிறா. கியரு எடது கைப் பக்கம்தான இருக்கு, ஸ்டீரிங்க முழங்கைய வச்சுத் தள்ளிக்கிறேங்கிறா. என்னை ஓட்டச் சொல்லல. நானும், நான் ஓட்டுறேன்னு சொன்னேன். இடுப்பு வலி இல்லையாங்கன்னு கேட்டா. அவ்வளவுதான் கேட்டா.

இன்னைக்குக் காலைல, வத்தலக்குண்டு போயிட்டு வாங்க, பாய்கிட்டச் சொல்லியிருக்கேன்னா. என்ன சொல்லியிருக்கான்னு எனக்குத் தெரியாது. சரி, போய் நாமளே பாத்து, நல்லதா எடுத்துக்கிட்டு வருவோம்னு வந்தேன்.

கடைக்குள்ள கால வைக்கிறேன். என்ன வேணும்ணேன்னு கேக்கல. வாங்கன்னு கூடச் சொல்லல. அக்கா கை எப்படி இருக்குன்னு கேட்டான். சொன்னேன். அல்லாவேன்னு தலையில அடிச்சுக்கிட்டு, மேசைக்கு அடியிலேர்ந்து ஒரு பொட்டலத்த எடுத்து முன்னாடி வச்சான். பழுப்புத் தாள்ல கட்டி, நூல் சுத்தி, மேல பேனாவுல எழுதியிருக்கு. என்ன எழுதியிருக்கு? வெள்ளத்தாய் அக்கா வண்டி, பத்தரை. என் வண்டி தம்பி அது! ஆர்சி புக்குல என் பேரு இருக்கு!

பிரிச்சுக் காட்டுய்யான்னேன். வேணாம்ணே, அக்கா போன்ல நம்பர், நீளம், மரை எல்லாம் சொல்லிட்டாங்க, நான் ரெண்டு தடவை பாத்துட்டேன், நீங்க அப்படியே கொண்டுபோயிக் கொடுத்தாப் போதும்கிறான். கொண்டுபோயிக் கொடுத்தாப் போதுமாம்! நான் யாரு? தபால்காரனா? எடுபிடியா? எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. இது வேணாம், வேற கம்பெனில காட்டு, பன்னெண்டுல நல்ல கம்பெனியாக் காட்டு, போன தடவ நீ கொடுத்த கம்பெனிதான் மட்டம்னேன்.

அவன் என்ன சொன்னான்? உங்களுக்கு வேற பிளக்கு நான் விக்க மாட்டேண்ணேன்னான். மெதுவாச் சொன்னான், சத்தமே போடல. கடையத் தொறந்து வச்சுட்டு, சரக்க அடுக்கி வச்சுட்டு, எனக்கு விக்க மாட்டானாம். அன்னைக்கு வித்தது பாவம், அந்தப் பாவத்த இன்னொரு தடவ பண்ண மாட்டேன்னான். நின்னவனெல்லாம் என்னையே பாக்குறான்.

அந்தப் பொட்டலத்த அவன் மேசையிலயே தள்ளிட்டு வெளிய வந்துட்டேன். ஆமா, தள்ளிட்டேன். மானம்னு ஒண்ணு இருக்குல்ல? பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல இன்னொரு கடை இருக்கு, புதுசா வந்திருக்கான். மரியாதையான பய. அண்ணே வாங்க, உக்காருங்க, என்ன வேணும்னு கேட்டான். நாலு டப்பாவ முன்னாடி வச்சான். நிதானமாப் பாத்து, கையில எடை பாத்து, நானே எடுத்தேன். இந்தா, பாருங்க. டப்பாவே எப்படி இருக்கு பாத்தீங்களா?

என்ன தேடுறீங்க? நம்பரா? பக்கவாட்டுல இருக்கும். ஆமா, பன்னெண்டு. பன்னெண்டுதான். இப்ப எதுக்கு அப்படிப் பாக்குறீங்க? நீங்களும் அவ கட்சியா? போன தடவ கம்பெனி சரியில்ல தம்பி, இது வேற கம்பெனி. நம்பர்ல ஒண்ணும் இல்ல. எவ்வளவு நேரமாச் சொல்லிக்கிட்டு வர்றேன், நீங்க என்ன கேட்டீங்க? படிச்சவங்களே இப்படித்தான், எதையும் முழுசாக் கேக்கிறதில்ல.

இருங்க, போன் அடிக்குது. அவதான்.

ம், சொல்லு. பஸ்ஸுலதான். ஊத்து ஸ்டாப்பு வரப்போகுது. வாங்கிட்டேன். வாங்கிட்டேன்னு சொல்றேன்ல? என்னது? யாரு, பாயா? அவன் எதுக்கு உனக்குப் போன் பண்றான்? அவனுக்கு என்ன... சரி. சரி, நான் கத்தல. சொல்லு. என்ன? கேக்கல, திரும்பச் சொல்லு.

வேணாம்.

வேணாம்னு சொன்னேன். வேணாம் தாயி. வையி.

ஒண்ணும் இல்ல தம்பி. ஒண்ணும் இல்ல. கொஞ்சம் இருங்க.

அவ திட்டுவான்னு நெனச்சேன். பொட்டலத்த விட்டுட்டு வந்தது அவளுக்குத் தெரிஞ்சுபோச்சு, அந்த பாய் சொல்லிட்டான். இன்னைக்காவது ஒரு புடி புடிப்பான்னு நெனச்சேன். அவ என்ன கேட்டா தெரியுமா? பழைய சேலை ஒண்ணு இருக்கு, பந்தத்துக்கு இப்பவே கிழிச்சு வைக்கட்டுமா, காலைல தேட வேண்டாம்ல, இந்தத் தடவ எடது கையில புடிச்சுக்கிறேங்கன்னு கேட்டா. சோறு ஆக்கட்டுமான்னு கேக்குற மாதிரி கேட்டா.

புடிப்பா தம்பி. நான் அந்தச் சாவியில கைய வச்சா அவ வந்து நின்னு புடிப்பா. ஒரு வார்த்தை பேசாமப் புடிப்பா. சனியன், எவன் கேட்டான் அவள இப்படி இருக்கச் சொல்லி! போடா நீயுமாச்சு உன் பிளக்குமாச்சுன்னு தூக்கி எறிய வேண்டியதுதான? என்னையே எறிய வேண்டியதுதான?

மணி என்ன இப்ப? மூணா? எட்டு வரைக்கும் பாய் கடை இருக்கும். கீழ போற பஸ்ஸு எப்படியும் வரும், வரலேன்னா லாரியப் புடிக்கிறேன். அவன் முன்னாடி போய் நிக்கணும், அத நெனச்சாத்தான் இப்பவே உடம்பெல்லாம் எரியுது. கடை நெறைய ஆளு இருக்கும், பல்ல இளிப்பான், இளிக்கட்டும். கால நகத்துங்க தம்பி. அந்த டப்பாவா? எனக்கு வேணாம், ஜன்னல் வழியா எறிஞ்சிருங்க.

யோவ் கண்டக்டர்! எத்தனை தடவய்யா கத்துறது, நிப்பாட்டுய்யா வண்டிய!